‘எப்போதிலிருந்து?’ என்று கேட்டுப் பாருங்கள்

கேள்வி: முதுகலை ஆய்வுக்காகத் தமிழ்நாட்டில் பல ஊர்களில் மக்களிடம் அவர்களுடைய அரசியல் சார்பைப் பற்றிக் கேட்டு வருகிறேன். இடதுசாரியா, வலதுசாரியா, நடுவில் நிற்பவரா என்று கேட்டால் யாரும் ஒழுங்காகப் பதில் சொல்வதில்லை. அப்பா, தாத்தா, எம்.ஜி.ஆர்., ரேஷன் அரிசி என்று கதை சொல்கிறார்கள். இதை எப்படிப் புரிந்துகொள்வது? அவர்கள் சொல்லும் காரணங்களை நம்பலாமா?

பதில்:

அவர்கள் ஒழுங்காகத்தான் பதில் சொல்கிறார்கள். கேள்விதான் ஊருக்குப் பொருந்தவில்லை. நீங்கள் ‘எங்கே நிற்கிறீர்கள்’ என்று கேட்கிறீர்கள், அவர்கள் ‘எப்போதிலிருந்து நிற்கிறேன்’ என்று சொல்கிறார்கள். தமிழ்நாட்டில் அரசியல் சார்புக்கு ஒரு தேதி உண்டு. சிலருக்கு அது சொந்த வாழ்க்கையில் நடந்த தேதி, சிலருக்கு அப்பாவிடமிருந்து வந்த தேதி. கதை என்று நீங்கள் ஒதுக்கி வைத்த பகுதியில்தான் உங்கள் ஆய்வுக்கு வேண்டிய விஷயம் இருக்கிறது.

பல தேர்தல்களில் கருத்துக்கணிப்புக்காக வீடு வீடாகப் போயிருக்கிறேன். ஒன்றிலிருந்து பத்து வரை எண் போட்ட கோடு ஒன்றைக் காட்டி, ஒன்று என்றால் இடது, பத்து என்றால் வலது, நீங்கள் எந்த எண் என்று கேட்கும் முறை உலகம் முழுக்க உண்டு. உலக மதிப்பீட்டு ஆய்வு என்ற பன்னாட்டுக் கணக்கெடுப்பிலும் இந்தக் கோடு இருக்கிறது. அதை நம் ஊர்த் திண்ணையில் விரித்தால் பெரும்பாலானவர்கள் ஐந்தில் விரல் வைப்பார்கள். அவர்கள் நடுநிலைவாதிகள் என்று அதற்குப் பொருள் எடுத்துவிடாதீர்கள். வந்தவரை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்ற மரியாதைக்குப் போட்ட ஐந்து அது.

இடது, வலது என்ற பிரிவு 1789-இல் பிரெஞ்சு தேசிய அவையில் உறுப்பினர்கள் உட்கார்ந்த வரிசையிலிருந்து வந்தது. சட்டங்களைத் தடுக்கும் அதிகாரம் அரசருக்கு வேண்டும் என்றவர்கள் தலைவருக்கு வலப்பக்கம், கூடாது என்றவர்கள் இடப்பக்கம். ஐரோப்பாவில் முதலாளி, தொழிலாளி, திருச்சபை, அரசு என்று பிற்பாடு வந்த சண்டைகளெல்லாம் அந்த வரிசைக்குள்ளேயே அடங்கிப்போயின. நம்முடைய அரசியல் வேறு சண்டைகளில் உருவானது. பிராமணர், பிராமணரல்லாதார், இந்தி, தமிழ், டெல்லி, சென்னை, மிராசுதார், பண்ணையாள். இவற்றை ஒரே கோட்டில் வரிசையாக நிறுத்த முடியாது.

ஜெயலலிதாவை எடுத்துக்கொள்ளுங்கள். 69 சதவீத இடஒதுக்கீட்டைக் காப்பாற்ற 1993-இல் சட்டம் கொண்டுவந்தவர் அவர். கோயில்களில் அன்னதானத் திட்டத்தை 2002-இல் தொடங்கியவரும் அவரே. அவருக்கு வாக்களித்த ஒருவர் உங்கள் கோட்டில் எந்த எண்? அதேபோல, கருப்பு சிவப்புக் கரை வேட்டியோடு பழனிக்குக் காவடி எடுக்கும் திமுககாரரை எந்த ஊரிலும் பார்க்கலாம். அவரிடம் இது முரண் இல்லையா என்று கேட்டால், ‘கட்சி வேறு, முருகன் வேறு’ என்பார். அந்தப் பதிலில் எந்தக் குழப்பமும் கிடையாது. குழப்பம் கேட்கிற நமக்குத்தான்.

இனி தேதிகளுக்கு வருவோம். வயதானவர்களில் ஒரு பெரிய கூட்டத்துக்கு அது 1965. அந்த ஜனவரியில் இந்தி மட்டுமே ஆட்சிமொழியாவதை எதிர்த்துக் கிளம்பிய மாணவர்களில் பலர் அதுவரை எந்தக் கட்சியிலும் இல்லாதவர்கள். இரண்டு வருடம் கழித்து, அரிசித் தட்டுப்பாட்டுக் கோபமும் சேர்ந்துகொள்ள, 1967-இல் காங்கிரஸ் ஆட்சி போனது. விருதுநகரில் காமராஜரே பெ. சீனிவாசன் என்ற மாணவர் தலைவரிடம் தோற்றார். இதைத் திமுக குடும்பத்தில் ஒரு மாதிரியும் கதர்க் குடும்பத்தில் வேறு மாதிரியும் சொல்வார்கள். முன்னவர்களுக்கு அது விடிந்த நாள். பின்னவர்களுக்குத் துரோகம் நடந்த நாள். இன்றும் தென்மாவட்டங்களில் ‘பள்ளிக்கூடம் திறந்தவரையே தோற்கடித்த ஊர் இது’ என்று சொல்லும் பெரியவர்கள் உண்டு. காங்கிரஸ் இப்போது யாரோடு கூட்டணி என்பது அவர்களுக்கு இரண்டாம் பட்சம்.

அடுத்த தேதி 1972. அந்த அக்டோபரில் எம்.ஜி.ஆர். திமுகவிலிருந்து நீக்கப்பட்டார், சில நாட்களில் தனிக்கட்சி கண்டார். ஒரே வீட்டில் அண்ணன் அங்கே, தம்பி இங்கே என்று பிரிந்த குடும்பங்கள் ஏராளம். அண்ணனைக் கேட்டால் ‘மந்திரி பதவி கேட்டார், கொடுக்கவில்லை, போய்விட்டார்’ என்பார். தம்பியைக் கேட்டால் ‘கணக்குக் கேட்டார், வெளியேற்றிவிட்டார்கள்’ என்பார். இருவரும் அதே மன்றத்தில் உட்கார்ந்து அதே அண்ணாவின் பேச்சைக் கேட்டு வளர்ந்தவர்கள். மொழி, இடஒதுக்கீடு, மாநில உரிமை எதிலும் இருவருக்கும் கருத்து வேறுபாடு இருக்காது. கொள்கைப் படிவத்தில் நூறு கேள்வி கேட்டாலும் இருவரும் ஒரே கட்டத்தில்தான் டிக் அடிப்பார்கள். ஆனால் ஐம்பது வருடமாகச் சேர்ந்து வாக்களித்ததில்லை.

அந்தத் தம்பியின் சார்பு எதில் ஒட்டியிருந்தது என்பதற்கு 1989 ஒரு நல்ல சோதனை. எம்.ஜி.ஆர். 1987 டிசம்பரில் இறந்தபின் கட்சி ஜெயலலிதா அணி, ஜானகி அணி என்று உடைந்தது. தேர்தல் ஆணையம் இரட்டை இலையை முடக்கியது. ஜெயலலிதா அணி சேவல் சின்னத்திலும் ஜானகி அணி இரட்டைப் புறாவிலும் நின்றன. ‘நாங்கள் இலை’ என்று பதினைந்து வருடமாகச் சொல்லிவந்தவர்கள் வாக்குச்சீட்டில் இலையைக் காணாமல் திகைத்தார்கள். கணவர் விட்டுச்சென்ற கட்சி என்று பார்த்தால் ஜானகிக்குப் போட வேண்டும், மேடையில் நின்று கட்சியைத் தாங்குபவர் என்று பார்த்தால் சேவலுக்கு. சேவலுக்கு 27 இடங்கள் கிடைத்தன, புறா கரை சேரவில்லை, திமுக ஆட்சிக்கு வந்தது. அணிகள் இணைந்து இலை திரும்பக் கிடைத்ததும், அதே மார்ச்சில் மதுரை கிழக்கிலும் மருங்காபுரியிலும் நடந்த இடைத்தேர்தல்களில் இலை ஜெயித்தது. ஆட்சியில் இருக்கும் கட்சியை இடைத்தேர்தலில் தோற்கடிப்பது எவ்வளவு கடினம் என்று நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ‘சின்னத்தைப் பார்த்துப் போடுகிற படிக்காத ஜனங்கள்’ என்று நகரத்தில் இளக்காரமாகப் பேசுவார்கள். எனக்கு அதில் உடன்பாடு கிடையாது. ஒரு வாழ்க்கையின் நினைவையெல்லாம் இரண்டு இலையில் மடித்து வைத்திருப்பவரும் காரணத்தோடுதான் போடுகிறார். நீளமாகப் பேசாததால் அது காரணம் இல்லை என்றாகிவிடாது.

உங்கள் கோட்டின் இடது முனையில் தயங்காமல் விரல் வைக்கும் ஊர்களும் இருக்கின்றன. கீழத்தஞ்சைக்குப் போங்கள். திருத்துறைப்பூண்டி, நாகப்பட்டினம், கீழ்வேளூர்ப் பக்கம் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களில் ‘நாங்கள் செங்கொடிக்காரர்கள்’ என்று சொல்வார்கள். ஆனால் அங்கேயும் அது தத்துவப் பெயர் ஆகாது, தேதிதான். பண்ணையாட்களைச் சவுக்கால் அடிப்பதும் சாணிப்பால் குடிக்கச் செய்வதும் தண்டனையாக இருந்த வட்டாரம் அது. கன்னடத்தைத் தாய்மொழியாகக் கொண்ட பி. சீனிவாசராவ் 1940-களில் அங்கே வந்து விவசாயத் தொழிலாளர்களைச் சங்கமாகத் திரட்டினார். சாட்டை நின்றது. தெருவுக்குள் செருப்புப் போட்டு நடக்கலாம், மேல் துண்டு போடலாம் என்று ஆனது செங்கொடி வந்த பிறகுதான் என்று பாட்டிகள் சொல்வார்கள். பிறகு 1968 டிசம்பர் 25. கூலி உயர்வும் சங்கமும் கேட்ட தகராறில் கீழ்வெண்மணியில் குடிசைக்குள் ஒதுங்கிய 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். ஒவ்வொரு டிசம்பர் 25-ஆம் தேதியும் அங்கே கூட்டம் கூடுகிறது.

இந்தக் குடும்பங்களில் ஒரு பெரியவரிடம் ஒருமுறை, மார்க்சியம் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று என்னோடு வந்த மாணவர் கேட்டுவிட்டார். பெரியவர் அவரைச் சற்று நேரம் பார்த்தார். ‘என் அப்பாவை அய்யா வீட்டுக்காரர் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிட்டதில்லை தம்பி. தோழர்தான் முதலில் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்’ என்றார். மாணவர் படிவத்தில் எதை எழுதுவது என்று தெரியாமல் ‘கருத்து இல்லை’ என்ற கட்டத்தில் குறி போட்டார். அந்தப் படிவத்தை நான் இன்னும் வைத்திருக்கிறேன், பயிற்சி வகுப்புகளில் காட்டுவதற்காக.

இங்கே இன்னொன்றையும் கவனியுங்கள். கம்யூனிஸ்ட் கட்சிகள் 2011-இல் அதிமுக கூட்டணியில் இருந்தன. 2016-இல் மக்கள் நலக் கூட்டணி, 2019-லும் 2021-லும் திமுக கூட்டணி. ஆக, தொகுதி எந்தக் கூட்டணிக் கட்சிக்குப் போனது என்பதைப் பொறுத்து அந்தச் செங்கொடிக்காரரின் விரல் இலையிலும் பட்டிருக்கும், சூரியனிலும் பட்டிருக்கும். அவரிடம் போன தேர்தலில் யாருக்குப் போட்டீர்கள் என்று மட்டும் கேட்டால் அலைபாயும் வாக்காளர் என்று எழுதிவிடுவீர்கள். அவர் இம்மியும் அசையவில்லை. வாக்கும் சார்பும் ஒன்று கிடையாது என்பதை உங்கள் படிவத்தில் இரண்டு தனிக் கேள்விகளாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

வட்டாரத்துக்கு வட்டாரம் தேதி மாறும். வடமாவட்டங்களில் பாமக குடும்பங்கள், தனி இடஒதுக்கீடு கேட்டு வன்னியர்கள் நடத்திய 1987 செப்டம்பர் சாலை மறியலைச் சொல்வார்கள். அதில் 21 பேர் உயிரிழந்தார்கள், 1989-இல் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்கு 20 சதவீதம் வந்தது. கன்னியாகுமரியில் 1982 மண்டைக்காடு கலவரம் இந்து, கிறிஸ்தவ இரு தரப்புக் குடும்பங்களின் வாக்கையும் தலைமுறைகளுக்கு வரைந்துவிட்டது. தமிழ்நாட்டுச் சட்டமன்றத்துக்குப் பாஜகவின் முதல் உறுப்பினர் 1996-இல் அந்த மாவட்டத்தின் பத்மநாபபுரத்திலிருந்து போனது தற்செயல் கிடையாது. கொங்கு விவசாயிகளில் மூத்தவர்கள் 1970-இல் மின்கட்டணப் போராட்டத்தின்போது பெருமாநல்லூரில் நடந்த துப்பாக்கிச் சூட்டைச் சொல்வார்கள். தமிழ்த் தேசியம் பேசும் நாற்பது வயதுக்காரரின் தேதியை நீங்களே ஊகிக்கலாம். 2009-இல் அவர் கல்லூரியில் இருந்திருப்பார். ஈழப் போரை நிறுத்தக் கோரித் தீக்குளித்த முத்துக்குமாரின் மரணமும் மே மாதத்து முள்ளிவாய்க்காலும் அவருக்குச் செய்தியாக வந்தவை மட்டும் கிடையாது, அதுவரை நம்பிய கட்சிகளோடு கணக்கு முடித்த மாதங்கள். நாம் தமிழர் கட்சி மறு வருடமே தொடங்கியது.

எனக்கு மிகவும் பிடித்த தேதி 2003 ஜூலை. ஏனென்றால் அது எந்தக் கொள்கையோடும் ஒட்டாத தேதி, ஆனால் அதைவிட உறுதியான சார்பை நான் அதிகம் பார்த்ததில்லை. அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் வேலைநிறுத்தம் செய்தார்கள். அன்றைய ஜெயலலிதா அரசு அவசரச் சட்டம் போட்டு சுமார் 1.7 லட்சம் பேரைப் பணிநீக்கம் செய்தது. இரவோடு இரவாகக் கைதுகள் நடந்தன. உச்ச நீதிமன்றம் ஆகஸ்டில், வேலைநிறுத்தம் அடிப்படை உரிமையில்லை என்று தீர்ப்பு எழுதியது. மன்னிப்புக் கேட்டு எழுதிக் கொடுத்துப் பெரும்பாலோர் வேலைக்குத் திரும்பினார்கள். 2004 மக்களவைத் தேர்தலில் அதிமுக கூட்டணிக்குத் தமிழ்நாட்டின் 39 இடங்களில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. ஊழியர்கள் கோபம் மட்டுமே அதற்குக் காரணம் என்று சொல்ல மாட்டேன். எதிர்ப்பக்கக் கூட்டணியே அத்தனை பெரிது. ஆனால் அந்த மன்னிப்புக் கடிதம் இருக்கிறதே, அது இன்னும் உள்ளே எரிந்துகொண்டிருக்கிறது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரிடம் பேசுங்கள். திராவிட இயக்க வரலாற்றை அவர் அழகாகச் சொல்வார், சமூகநீதி பற்றிச் சொல்வார், மாநில சுயாட்சி பற்றிச் சொல்வார். பொறுமையாகக் கேட்டுக்கொண்டே இருந்தால், காபி வந்த பிறகு, ‘எங்களை எழுதிக் கொடுக்க வைத்தார்கள் சார்’ என்பார். அதற்கு முன் சொன்னதெல்லாம் பொய் என்று நான் சொல்லவில்லை. வரிசைதான் தலைகீழ். முதலில் கடிதம், சமூகநீதியைப் பற்றிய சொற்பொழிவு பிறகு.

அதே அலுவலகத்தில் அடுத்த மேஜையில் இருக்கும் இளையவருக்குத் தேதி இன்னும் சில மாதம் முந்தையது. 2003 ஏப்ரல் 1-க்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் இல்லை, பங்களிப்பு ஓய்வூதியம்தான் என்று அப்போது ஆனது. பணிநீக்கத்தை அவர் பார்த்ததில்லை. மூத்தவரின் அந்தக் கோபமும் அவருக்குக் கிடையாது. பழைய ஓய்வூதியத்தைத் திருப்பித் தருவதாக 2021-இல் திமுக சொன்னதையும் அதன்பின் ஓடிய வருடங்களையும் அவர் எண்ணிக்கொண்டிருந்தார். ஒரே சங்கம், ஒரே சம்பளப் பட்டியல், இரண்டு வேறு சார்புகள்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி: அவர்கள் சொல்லும் காரணங்களை நம்பலாமா?

சொல்பவர் பொய் சொல்வதில்லை. ஆனால் காரணங்கள் பெரும்பாலும் பின்னால் வந்து சேர்பவை. ஸ்வீடனில் 2010 தேர்தலின்போது ஆய்வாளர்கள் ஒரு குறும்பு செய்தார்கள். மக்களிடம் வரி, சுற்றுச்சூழல் போன்றவற்றைப் பற்றி ஒரு படிவம் நிரப்பச் சொன்னார்கள். பிறகு கைத்திறமையால் சில விடைகளை எதிர்த்தரப்புக்குச் சாதகமாக மாற்றி, ‘நீங்கள் இப்படிச் சொல்லியிருக்கிறீர்களே, ஏன்?’ என்று கேட்டார்கள். மாற்றியதைப் பெரும்பாலானோர் கண்டுபிடிக்கவில்லை. தாம் சொல்லாத கருத்துக்குத் தாமே காரணங்களை எடுத்து வைத்தார்கள், அதுவும் நல்ல காரணங்களாக. அமெரிக்காவில் பிலிப் கான்வர்ஸ் 1964-இல் எழுதிய ஆய்வு இன்னும் பழையது. வாக்காளர்கள் கட்சிகளைப் பற்றிப் பேசுவதைப் பதிவு செய்து பார்த்ததில், கொள்கை அடிப்படையில் கோவையாகப் பேசியவர்கள் நூற்றுக்கு மூன்று, நான்கு பேர்தான். மற்றவர்கள் தங்கள் கூட்டத்துக்கு யார் நல்லது செய்தார்கள், காலம் நன்றாக இருக்கிறதா கெட்டிருக்கிறதா என்றுதான் பேசினார்கள். ஆக, கதை சொல்வது தமிழனுக்கு மட்டும் வாய்த்த பழக்கம் என்று நினைத்துவிட வேண்டாம்.

இதில் ஒரு வேடிக்கை எப்போதும் நடக்கும். தன் வாக்குக்குக் காரணம் கேட்டால் கொள்கை, பக்கத்துத் தெருக்காரர் வாக்குக்குக் காரணம் கேட்டால் சாதியும் பணமும். ஒருவர்கூட ‘என் சாதிக்காரர் என்பதால் போட்டேன்’ என்று தாமாகச் சொல்லி நான் கேட்டதில்லை. ‘நம் பகுதிக்காரர்’, ‘கூப்பிட்ட குரலுக்கு வருவார்’, ‘நமக்கென்று ஒருவர் வேண்டாமா’ என்பார்கள். பணம் பற்றி இன்னும் வெளிப்படை. 2009 திருமங்கலம் இடைத்தேர்தலுக்குப் பிறகு அந்த ஊர்ப் பெயரே, வாக்குக்குப் பணம் கொடுக்கும் சூத்திரத்தின் பெயராகிவிட்டது. 2017-இல் ஆர்.கே. நகரிலும் 2019-இல் வேலூரிலும் பண விநியோகத்தால் தேர்தலே ரத்தானது. ஆனால் பெற்றுக்கொண்டவரைக் கேட்டால், ‘அவர்கள் கொள்ளையடித்த காசு, வாங்கிக்கொண்டேன், ஓட்டு என் இஷ்டத்துக்கு’ என்பார். இதை நான் முழுசாகச் சந்தேகிப்பதில்லை. இரண்டு கட்சியிடமும் வாங்கிய வீட்டில் வாக்கு எங்காவது ஒரு பக்கம்தானே போயிருக்க வேண்டும்? அந்த இடத்தில் பழைய தேதி வேலை செய்திருக்கும்.

‘எனக்கு அரசியலே பிடிக்காது’, ‘நான் நடுநிலை’ என்பவர்களிடம் கொஞ்சம் அதிக நேரம் செலவிடுங்கள். இந்தப் பதிலுக்குள் பல வகை மனிதர்கள் ஒளிந்திருக்கிறார்கள். முதல் வகை, சொல்ல முடியாத நிலையில் இருப்பவர்கள். அரசு ஊழியர்களுக்கு நடத்தை விதிகளே கட்சி அரசியலைத் தடுக்கின்றன. கடைக்காரருக்கு எல்லாக் கட்சிக்காரரும் வாடிக்கையாளர். வீட்டை வாடகைக்கு விட்டவரோ வாடகைக்கு இருப்பவரோ வாயைத் திறக்க மாட்டார். இவர்கள் நடுநிலை என்பது தொழில் தர்மம்.

இரண்டாவது வகை, பிரிந்துவந்த காதலர் மாதிரி. ஒரு கட்சியில் தீவிரமாக இருந்து மனம் நொந்தவர்கள். எதிர்க்கட்சிக்குப் போக மனம் வராது, பழைய இடத்தைச் சொல்லவும் வெட்கம். 1993-இல் வைகோ நீக்கப்பட்டபோது திமுகவை விட்டு வந்து, அதன்பின் அவர் அணி மாறியபோதெல்லாம் குழம்பிப்போனவர்களில் இப்படிப் பலரைப் பார்த்திருக்கிறேன். எல்லாரையும் திட்டுவார்கள், ஆனால் திட்டும்போது யார் மீது கோபம், யார் மீது வருத்தம் என்று கவனித்தால் தெரிந்துவிடும். வருத்தம் இருக்கும் இடம்தான் அவர் வீடு.

மூன்றாவது, மேட்டுக்குடி நடுநிலை. ‘ரெண்டு கட்சியும் ஒன்றுதான், இலவசம் கொடுத்து நாட்டைக் கெடுத்துவிட்டார்கள்’ என்று தொடங்கும். ஒரு காலத்தில் இவர்கள் 49-ஓ போட்டேன் என்று பெருமையாகச் சொன்னார்கள். வாக்குச்சாவடி அதிகாரியிடம் போய் யாருக்கும் வாக்கில்லை என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திட வேண்டிய விதி அது. ரகசியமே கிடையாது. 2013-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் நோட்டா பொத்தான் வந்த பிறகு வேலை சுலபமாகிவிட்டது. ஒன்றை வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன்: இந்த நடுநிலையை நான் நடுநிலையாக எண்ணுவதில்லை. இலவசம் வேண்டாம் என்பதும் ஒரு சார்புதான், தெளிவான சார்பு. அதைக் கட்சிப் பெயரில்லாமல் சொல்லிக்கொள்ளும் வசதி சிலருக்கு இருக்கிறது, அவ்வளவுதான். உண்மையாகவே ஒவ்வொரு தேர்தலிலும் வேட்பாளரையும் ஆட்சியையும் எடைபோட்டு மாறி மாறிப் போடுபவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் தங்களை நடுநிலை என்று சொல்லிக்கொள்வதில்லை. ‘போன தடவை அவர்களுக்குப் போட்டேன், ஏமாற்றிவிட்டார்கள், இந்தத் தடவை பார்ப்போம்’ என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுவார்கள்.

நான்காவது, வீட்டுக்குள் சொல்ல முடியாத பெண்கள். விழுப்புரம் பக்கம் ஒரு வீட்டில் நடந்தது. லோக்நிதி போன்ற ஆய்வு அமைப்புகள் செய்வது போல, சின்னங்கள் அச்சிட்ட மாதிரி வாக்குச்சீட்டும் ஒரு பெட்டியும் கையில் வைத்திருந்தோம். யாருக்குப் போடுவீர்கள் என்று வாயால் கேட்காமல், அவர்களே குறியிட்டு மடித்துப் பெட்டியில் போடுவதற்கு. கணவர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, ‘அவளைக் கேட்க வேண்டாம், எங்கள் வீட்டில் எல்லாரும் சூரியன்தான், நானே போட்டுத் தருகிறேன்’ என்றார். அந்த அம்மா ஒன்றும் பேசாமல் சீட்டையும் பேனாவையும் வாங்கிக்கொண்டு அடுக்களைக்குள் போனார். வெளியே வரும்போது சீட்டு எட்டாக மடிந்திருந்தது. பெட்டியின் துளைக்குள் நுழையாத அளவுக்குத் தடிமன். விரலால் குத்தித் தள்ளிவிட்டு, ‘ஆமாம், எங்கள் வீட்டில் எல்லாரும் ஒன்றுதான்’ என்று சிரித்தார். பெட்டியைக் குலுக்கித்தான் பிரிப்போம் என்பதால் அவர் எதில் குறியிட்டார் என்பது எங்களுக்கும் தெரியாது. பொதுவாகச் சொன்னால், கணவர் எதிரில் உட்கார்ந்து வாங்கிய பதிலையும் இப்படிப் பெட்டியில் விழுந்த சீட்டையும் ஒரே கணக்கில் சேர்க்காதீர்கள்.

இளைஞர்கள் விஷயத்தில் மட்டும் நான் சொன்ன தேதிக் கணக்கு கொஞ்சம் தடுமாறுகிறது. 2017 ஜனவரி மெரினா ஜல்லிக்கட்டுப் போராட்டம் சிலருக்குத் தேதி. அதற்குப் பிறகு வந்தவர்கள் கைப்பேசியில் தங்களைப் பற்றி எழுதும் ஒரு வரியில் பெரியாரியர், அம்பேத்கரியர், தமிழ்த் தேசியர், தேசியவாதி, சங்கி என்று அழைக்கப்படுவதில் பெருமை கொள்பவர் என்று எதையாவது போட்டுவிடுகிறார்கள். இது புதிது. இவர்கள் அப்பாக்கள் கட்சிப் பெயரைத்தான் சொன்னார்கள், பிள்ளைகள் தத்துவத்தின் பெயரைச் சொல்கிறார்கள். புதுக் கட்சிகளும் அதற்கேற்பப் பேச வேண்டியதாகிவிட்டது. ரஜினிகாந்த் 2017 டிசம்பரில் ஆன்மிக அரசியல் என்றார். கொள்கை என்ன என்று செய்தியாளர் கேட்டதும் ஒரு நிமிடம் தலை சுற்றிவிட்டதாக அவரே மேடையில் சொன்னார், கட்சி வரவேயில்லை. கமல்ஹாசன் 2018-இல் இடதும் வலதும் இல்லாத மய்யம் என்றார். விஜய் 2024 அக்டோபரில் விக்கிரவாண்டி மாநாட்டில் பெரியார், காமராஜர், அம்பேத்கர், வேலு நாச்சியார், அஞ்சலை அம்மாள் ஆகியோரைக் கொள்கைத் தலைவர்களாக அறிவித்து, திராவிடமும் தமிழ்த் தேசியமும் இரு கண்கள் என்றார். சீமான் அதைக் கடுமையாக மறுத்தார். எம்.ஜி.ஆர். காலத்தில் இந்த அளவு தத்துவ விசாரணை நடந்திருந்தால் அண்ணாயிசம் என்று ஒரு சொல்லோடு அவர் தப்பித்திருக்க முடியுமா என்று தெரியவில்லை.

ஆனாலும் அந்த ஒரு வரியை அப்படியே சார்பாக எழுதிக்கொள்ளாதீர்கள். நண்பர் வட்டத்தில் யார் மதிப்புப் பெறுகிறார் என்பதும் அதில் கலந்திருக்கும். பெரியாரியர் என்று எழுதியிருக்கும் பையனிடம் எப்போதிலிருந்து என்று கேளுங்கள். நுழைவுத் தேர்வில் தோற்ற அக்காவைப் பற்றிச் சொன்னால் அது நிலைக்கும். ஏதோ ஒரு காணொளியைச் சொன்னால் இரண்டு தேர்தல் பொறுத்துப் பார்க்க வேண்டும். தேசியவாதி என்று எழுதியிருப்பவரிடமும் இதே அளவுகோல்தான். வெளிமாநிலத்தில் வேலை பார்த்த அனுபவமா, ஊர்க் கோயில் நிலத்தைப் பற்றிய தகராறா, அல்லது வாட்ஸ்அப் குழுவா என்று பாருங்கள்.

ஆகவே களத்தில் நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான். கோட்டை எடுத்துவிடுங்கள். ‘நீங்கள் முதல்முதலில் வாக்குப் போட்ட தேர்தல் எது, அப்போது வீட்டில் என்ன பேசிக்கொண்டார்கள்’ என்று தொடங்குங்கள். அடுத்து, ‘உங்கள் வீட்டில் யாராவது கட்சி மாறிப் போட்டதுண்டா, எப்போது’ என்று கேளுங்கள். அண்ணனைப் பற்றிப் பேசும்போது மனிதர்கள் தங்களைப் பற்றி நிறையச் சொல்லிவிடுவார்கள். ‘எந்தக் கட்சிக்கு உயிர் போனாலும் போட மாட்டீர்கள்’ என்ற கேள்வியைக் கட்டாயம் வையுங்கள். யாருக்குப் போடுவேன் என்பதில் மழுப்புகிறவர்கூட இதற்கு உடனே பதில் சொல்வார், தேதியோடு. காரணத்தைக் கடைசியில் கேளுங்கள், முதலில் கேட்டால் தலையங்கம்தான் கிடைக்கும்.

தேர்தல் முடிவு வந்த பிறகு ஒரு மாதத்துக்குப் போகாதீர்கள். அந்த நாட்களில் ஜெயித்த கட்சிக்கு வாக்களித்ததாகச் சொல்பவர்களைக் கூட்டிப் பார்த்தால், அந்தக் கட்சி உண்மையில் வாங்கிய வாக்கைவிடப் பெரும்பாலும் அதிகமாக வரும்.